உண்ணாமலைக்கு இருபத்து மூன்றரை

சேவுகனுக்குக் கண் ஆபரேஷன் என்ற செய்தி வந்தபோது உண்ணாமலை முந்திரிப் பருப்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஆதனக்கோட்டை ரோட்டோரத்தில் வறுத்த முந்திரி விற்கிற கடை ஒன்றின் பின்பக்கத்தில் அவளுக்கு வேலை. உடைத்த பருப்பில் ஒட்டியிருக்கிற தோலை உரித்து, முழுசைத் தனியாகவும் உடைசலைத் தனியாகவும் பிரித்துப் போட வேண்டும். இருபது வருஷமாகச் செய்கிற வேலைதான். ஆனால் கொஞ்ச காலமாக முழுசும் உடைசலும் அவள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்துச் சமாளித்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கடையில் முன்னால் நின்று வியாபாரம் பார்க்கிற மருமகள் புவனேஸ்வரி போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "அத்தே, ஒங்க தம்பி."

"ஏத்தா, சௌக்கியமா இருக்கியா?" என்று ஆரம்பித்தான் சேவுகன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து கத்திக் கத்தி வளர்ந்த குரல். ரிட்டயரான பிறகும் இறங்கவில்லை. "எனக்குக் கண்ணுல புரை விழுந்திருக்காம். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில ஆபரேசன். உள்ளுக்குள்ளயே லென்ஸ் வச்சிருவாங்களாம். வர்ற புதன்கெழமை அளவெடுக்க வரச் சொல்லியிருக்காங்க."

"என்ன அளவு?"

"கண்ணோட அளவுதான். சட்டைக்கு எடுக்குற மாதிரி கண்ணுக்கும் எடுக்கணுமாம். ஆளுக்கு ஆள் மாறுமாம்ல."

தம்பிக்கு ஆபரேஷன் என்றால் அக்காவுக்குப் பதற்றம் வர வேண்டும். உண்ணாமலைக்கு வந்தது வேறு. நான் அல்லவா இங்கே குருடியாகத் தடவிக்கொண்டிருக்கிறேன், இதிலும் இவனுக்குத்தான் முதலா என்று சுருக்கென்றது.

"எனக்கும் தெரியல" என்றாள்.

"என்னது?"

"கண்ணு தெரியல. நானும் வாரேன்."

சேவுகன் சிரித்தான். "அட, இதையும் எங்கூடச் சேந்தே வாங்கிக்கிட்டியா?"

சேர்ந்தே வாங்கினார்கள் என்பது மட்டும் உண்மை. குளத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்தவர்கள் இரண்டு பேரும். முதலில் வெளியே வந்தது உண்ணாமலை. அவள் முதலாக இருந்தது அந்த ஒரு தடவைதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். தாய்ப்பால் ஒரு பிள்ளைக்குத்தான் பற்றியது. ஆண்பிள்ளை குடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, பெண்ணுக்கு ஆட்டுப்பாலும் நொய்க்கஞ்சியும் ஊற்றினார்கள். அவன் பத்தாவது வரை படித்தான். அவள் ஐந்தாவதோடு நின்று ஆடு மேய்க்கப் போனாள். அவனுக்கு அரசாங்க பஸ்ஸில் வேலை கிடைத்தது, கீரனூரில் மாடி வீடு வந்தது, மாதம் பிறந்தால் பென்ஷன் வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு வந்த மனுஷன் மகனுக்குக் கல்யாணம் ஆன மறு வருஷமே போய்ச் சேர்ந்தார்.

சேவுகன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் கெட்டவன் இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்து இறக்குவான். அவள் மகன் கல்யாணத்தில் தாய்மாமனாக நின்று ஒரு குறை வைக்காமல் செய்தான். வாய் நிறையச் சிரிப்பு, கை நிறைய இனிப்புப் பொட்டலம். அப்படிப்பட்டவன் மேல் வயிறு எரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொல்ல முடியாமல் உள்ளேயே வைத்திருந்ததால்தான் அது அறுபது வயசுக்கு மேலும் அவியாமல் கிடந்தது.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். சேவுகனோடு அவன் மனைவி பிரகதீஸ்வரி வந்திருந்தாள். பையில் பிளாஸ்க், முறுக்கு, வெந்நீர், துண்டு, விசிறி என்று ஒரு குடும்பமே குடிபோவது போல எடுத்து வந்திருந்தாள். புவனேஸ்வரி கடையை விட்டு வர முடியாது. உண்ணாமலை மஞ்சப்பையில் ஆதார் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக வந்திருந்தாள்.

"அறுபத்தேழு வயசு, உண்ணாமலை யாரு?" என்று கேட்டபடி வெளியே வந்தாள் ஒரு பெண். அர்ச்சனா என்று கோட்டில் பெயர் குத்தியிருந்தது. கண் அளவெடுக்கிற அறைக்கு அவள்தான் பொறுப்பு.

"நான்தான் தாயி. ஆனா அறுபத்தேழு இல்ல. இவனுக்கு என்ன வயசோ அதான் எனக்கும். ரெட்டைப் பிள்ளைங்க நாங்க."

அர்ச்சனா இரண்டு பேருடைய கார்டையும் பார்த்தாள். சேவுகனுக்கு அறுபத்து மூன்று. அவனுக்குப் பள்ளிக்கூடச் சர்டிபிகேட் இருந்தது. உண்ணாமலைக்கு, கார்டு போட வந்தவர்கள் ஆளைப் பார்த்து உத்தேசமாக ஒரு வயசைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெயிலில் காய்ந்த முகத்தைப் பார்த்து நாலு வருஷம் கூட்டிப் போட்டிருந்தார்கள். கூடப் பிறந்தவனை விடக் காகிதத்தில் கிழவி ஆகிவிட்டோமே என்று உண்ணாமலை அதற்கும் தனியாக ஒரு பாட்டம் எரிந்திருந்தாள்.

"நல்ல வேளை சொன்னீங்கம்மா" என்றாள் அர்ச்சனா. அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி. "நம்ம மாவட்டத்து ஆளுங்களோட கண்ணு அளவெல்லாம் சேத்துக்கிட்டு வாரேன். வயசுக்கு வயசு எப்படி மாறுது, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு பாக்குறதுக்கு. வயசத் தப்பாப் போட்டா எல்லாமே தப்பாயிரும். அதுலயும் நீங்க ரெண்டு பேரும் ரெட்டைங்க. வயசு ஒண்ணு, ஆத்தா அப்பன் ஒண்ணு, வளந்த வீடு ஒண்ணு. ஆணு பொண்ணுங்கிறது மட்டுந்தான் வேற."

"அது மட்டுந்தானா வேற?" என்று உண்ணாமலை முணுமுணுத்தாள். பிரகதீஸ்வரி காதில் விழுந்தது. அவள் விசிறியை எடுத்து வேகமாக வீசிக்கொண்டாள்.

கூப்பிட்டது உண்ணாமலையைத்தான். ஆனாலும் எழுந்து முதலில் உள்ளே போனது சேவுகன். பஸ்ஸில் ஏறுகிற பழக்கம் போல, கதவு திறந்ததும் அவன் கால் தானாகப் போய்விட்டது. அவன் வந்த பிறகு இவள் போனாள். மோவாயை ஒரு தட்டில் வைத்து, நெற்றியைப் பட்டியில் ஒட்டிக்கொள்ளச் சொன்னாள் அர்ச்சனா. எதிரே சின்னதாகச் சிவப்பு வெளிச்சம். இமைக்காமல் அதையே பார்க்க வேண்டும். தொடவில்லை, குத்தவில்லை, ஒரு நிமிஷத்தில் ஒரு கண் முடிந்துவிட்டது. இரண்டாவது கண்ணின்போது அர்ச்சனா, "இன்னொரு தடவ பாத்துக்கிறேம்மா" என்று மறுபடியும் எடுத்தாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சாயங்காலம் தலவலி வருமா ஒங்களுக்கு?"

"வரும். மண்டையப் பிளக்கும். தைலம் தடவிப் படுத்துருவேன்."

"பல்பச் சுத்தி வானவில்லு மாதிரி தெரியுமா?"

"தெரியும். புரைன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அர்ச்சனா பேனாவை எடுத்தாள். எதையோ குறித்துக்கொண்டாள்.

அதற்குள் சேவுகன் தலையை உள்ளே நீட்டினான். "என்ன நம்பர் வருது பாப்பா?"

"உள்ள வைக்கிற லென்ஸ் நம்பரு, வலது கண்ணுக்கு ஒங்களுக்கு இருபது ஐயா. அம்மாவுக்கு இருபத்து மூணரை. டாக்டர் பாத்து முடிவு பண்ணுவாரு. வெளிய இருங்க, கூப்புடுறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள் அர்ச்சனா.

இருபத்து மூன்றரை! உண்ணாமலைக்குக் காது குளிர்ந்தது. தட்டில் வைக்கிற சோற்றிலிருந்து தலைக்கு வைக்கிற எண்ணெய் வரை அவனுக்குக் கூடவும் அவளுக்குக் குறையவும் பார்த்துப் பழகியவள். இப்போதுதான் ஒரு பொருளில் அவளுக்குக் கூட வந்திருக்கிறது. அதுவும் கண்ணுக்குள் வைக்கிற பொருள். சாகிறவரைக்கும் யாரும் பிடுங்க முடியாது.

பெஞ்சிக்கு வந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாளிடம், "எனக்கு இருபத்து மூணரை வைக்கிறாங்க. ஒங்களுக்கு எத்தன?" என்று கேட்டாள். அந்த அம்மாள் இருபத்தொன்று என்றாள். "பரவால்ல, அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்று உண்ணாமலை ஆறுதல் சொன்னாள். சொல்லும்போது தம்பி காதில் விழுகிற மாதிரி சொன்னாள்.

சேவுகன் கொஞ்ச நேரம் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு முறுக்கைப் பொட்டலத்தில் திரும்ப வைத்தான். இனிப்போ காரமோ, கையில் எடுத்ததை அவன் அப்படிப் பாதியில் வைத்து உண்ணாமலை பார்த்ததே இல்லை.

"அதுக்கு மட்டும் எப்படிக் கூட?" என்று மனைவியிடம் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? போய்க் கேளுங்க."

போனான். அர்ச்சனாவின் அறை வாசலில் நின்று, பஸ்ஸில் சில்லறை கேட்கிற குரலில் கேட்டான். "பாப்பா, எனக்கும் இருபத்து மூணரையே போடுங்க. நான் பென்ஷன்காரன், இன்சூரன்ஸ் இருக்கு. எனக்கு எதுக்குக் கொறைச்சுப் போடுறீங்க?"

வராண்டா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உண்ணாமலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அறுபத்து மூன்று வருஷத்தில் அவள் அனுபவித்த சந்தோஷங்களில் அந்த நிமிஷத்துக்குத் தனி இடம் உண்டு.

அர்ச்சனா எழுந்து வெளியே வந்தாள். கோபப்படாமல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஐயா, நம்பர் கூடுனா ஒசத்தி, கொறைஞ்சா மட்டம்னு கெடையாது. கண்ணு உருண்டை முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் எவ்வளவு நீளம்னு பாக்குறோம். நீளமான கண்ணுக்குக் கொறைஞ்ச நம்பரே போதும். குட்டையான கண்ணுக்குக் கூடுதலா வைக்கணும். ஒங்க கண்ணு பெருசு. அம்மா கண்ணு சிறுசு. அதான் விசயம். ஒங்களுக்கு அவங்க நம்பர வச்சா மூஞ்சிக்குக் கிட்ட இருக்குறது மட்டுந்தான் தெரியும். வீதியில போற ஆளு தெரியாது."

சேவுகன் முகம் பூத்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க! நம்மளுது பெருசு." திரும்பி உண்ணாமலையைப் பார்த்துச் சிரித்தான். பிறகு, எந்தக் கூட்டத்திலும் அவன் சொல்கிற பழைய வேடிக்கையை எடுத்து விட்டான். "பின்ன என்ன பாப்பா? எங்க ஆத்தாட்ட ஒருத்தருக்குத்தான் பால் இருந்துச்சு. அம்புட்டையும் நானே குடிச்சுட்டேன். இது ஆட்டுப்பால் குடிச்ச ஆளு. அதான் கண்ணுகூட ஆட்டுக்குட்டிக் கண்ணா இருக்கு."

பெஞ்சியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் இதையே கேட்டுக் கேட்டு உண்ணாமலையும் கூடச் சிரித்திருக்கிறாள். அன்றைக்கு முடியவில்லை. கையில் இருந்த சந்தோஷத்தைப் பிடுங்கின கையோடு இதையும் சொன்னான் அல்லவா, எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆமாடா, நீதான் குடிச்ச" என்றாள். குரல் அவளுக்கே புதுசாக இருந்தது. "எனக்குள்ளதையும் சேத்துக் குடிச்ச. குடிச்சுட்டு, அதப் போற எடத்துலயெல்லாம் சொல்லிச் சிரிக்கிற. ஒரு தடவையாச்சும் எம் மூஞ்சியப் பாத்துருக்கியா அப்ப? நீ பள்ளிக்கூடம் போயிட்டு வந்து சோத்துல ஒக்காருவ, நான் ஆட்டுப்பட்டியில நிப்பேன். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். இப்பக் கண்ணுலயும் ஒனக்குப் பெருசு, எனக்குச் சிறுசு. இதயும் சொல்லிச் சிரி. சிரிடா."

யாரும் சிரிக்கவில்லை. பிரகதீஸ்வரியின் விசிறி நின்றுவிட்டது. சேவுகன் ரொம்பத் தணிந்த குரலில் அர்ச்சனாவைப் பார்த்துக் கேட்டான்.

"பாப்பா, நெசமாவே அதுனாலதானா? நான் பால் குடிச்சதுனாலயா அதோட கண்ணு சிறுசாப் போச்சு?"

உண்ணாமலையும் அர்ச்சனாவைப் பார்த்தாள். ஆமாம் என்று இந்தப் பெண் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. மிஷின் வைத்துப் பார்த்து, படித்த ஒருத்தி, இத்தனை பேர் நடுவில், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை வருஷமும் தான் எரிந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது என்று ஆகிவிடும்.

அர்ச்சனா யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். "அப்படிச் சொல்ல முடியாதுங்க ஐயா. நான் பாத்த வரைக்கும் பொம்பளைங்களுக்குப் பொதுவாவே ஆம்பளைங்கள விடக் கொஞ்சம் சிறுசாத்தான் இருக்கு. வசதியா வளந்தவங்களுக்கும் அப்படித்தான். ஆளு ஒயரமா இருந்தா கண்ணும் கொஞ்சம் நீளமா இருக்கும். எங்க வீட்டுல என்னையும் எங்க அண்ணனையும் எடுத்துப் பாத்தேன், எனக்குத்தான் சிறுசு. எனக்கு யாரும் பாலக் கொறைக்கல. சின்ன வயசுல சாப்பாடு கொறைஞ்சா கண்ணு வளத்தி கொறையுமான்னு கேட்டா, கொறையலாம், தெரியாது. ஒருத்தரோட கண்ண வச்சு அதுக்குப் பதில் சொல்ல முடியாது."

சேவுகன் மூச்சை விட்டான். அந்த மூச்சில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் உண்ணாமலைக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. தன்னிடம் இருந்த ஒரே சாட்சியையும் இந்தப் பெண் கலைத்துவிட்டாள். பெரிய வீட்டுப் பெண்களுக்கும் சிறுசுதானாம். அப்படியானால் யாரைப் பார்த்து எரிவது?

மதியம் டாக்டர் சுந்தரேசன் கூப்பிட்டார். உண்ணாமலையின் கண்ணில் அழுத்தம் பார்த்தார், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார், அர்ச்சனா எடுத்த அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"அம்மா, ஒங்களுக்குக் கண்ணு சின்னது. வயசாக ஆக உள்ள இருக்குற லென்ஸ் தடிச்சுக்கிட்டே போகும். சின்ன வீட்டுல பெரிய பீரோவ வச்ச மாதிரி, முன்னாடி எடமே இல்ல. தண்ணி வெளிய போற வழி அடைச்சு அழுத்தம் ஏறுது. தலவலி அதுனாலதான். இப்படியே விட்டா நரம்பு போயிரும், அப்புறம் என்ன செஞ்சாலும் பார்வை திரும்பாது. பழைய லென்ஸ எடுத்துட்டுப் புதுசு வச்சா எடம் கெடைச்சிரும். ரெண்டு நாள் மருந்து போட்டு அழுத்தத்த எறக்கிட்டு வெள்ளிக்கெழமையே பண்ணிருவோம்."

"அவனுக்கு?" என்று கேட்டாள். அதுதான் முதலில் வாயில் வந்தது.

"ஒங்க தம்பிக்கு சுகர் முன்னூறத் தாண்டி நிக்குது. அது எறங்கட்டும். எறங்காம கத்தி வைக்க மாட்டேன்."

அப்படியாக வெள்ளிக்கிழமை உண்ணாமலைக்கு முதலில் நடந்தது. கடைக்கு லீவு போட்டுவிட்டுப் புவனேஸ்வரி கூட வந்தாள். சேவுகனும் வந்து வாசலில் நின்றான். வராண்டாவில் நடந்ததைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மறுநாள் கட்டைப் பிரித்தபோது, சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி தெரிந்தது. ஆணியில் துரு தெரிந்தது. உண்ணாமலை அழுதாள். அழக் கூடாது என்று நர்ஸ் அதட்டினாள்.

சேவுகன் குனிந்து, "தெரியுதா ஏத்தா?" என்று கேட்டான்.

"பளிச்சுன்னு தெரியுது" என்றாள். அவன் முகம் ஒரு மாதிரி கோணியதும் பளிச்சென்று தெரிந்தது. அது என்ன என்று அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்துவிட்டது. கண்ணாடியில் தன் முகத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுதான்.

அதன் பிறகு அவன் தினமும் போன் செய்தான். மருந்து விட்டாயா, தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருக்கிறாயா என்று கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி, "எப்படித் தெரியுது?" என்பான். உண்ணாமலை அவிழ்த்து விடுவாள். எதிர்வீட்டு ஓட்டில் எறும்பு ஊர்வது தெரிகிறது என்பாள். தஞ்சாவூர் ரோட்டில் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கிறவன் மீசை தெரிகிறது என்பாள். வானத்தில் பருந்தின் கால் நகம் தெரிகிறது என்றுகூட ஒரு நாள் சொன்னாள். புவனேஸ்வரி பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். தூரம்தான் நன்றாகத் தெரிந்தது. பக்கத்துப் பார்வைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி கொடுத்திருந்தார்கள். அதை மாட்டினால்தான் முழுப் பருப்பும் உடைசலும் பிரியும். அதை அவள் தம்பியிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவன் உம் உம் என்று கேட்டுக்கொண்டிருப்பான். அந்த உம்மின் கனத்தை எடை போட்டுக்கொண்டே இவள் இன்னொரு பருந்தைப் பறக்க விடுவாள். போனை வைத்த பிறகு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும்.

ஒரு நாள் போனில் வந்தது பிரகதீஸ்வரி.

"மதினி, அவருட்ட என்னதான் சொன்னீங்க?"

உண்ணாமலைக்குப் பகீரென்றது. "நான் ஒண்ணும் சொல்லலையே."

"பத்து வருசமாத் தலகீழா நின்னு பாத்தேன், ஒரு லட்ட விட வைக்க முடியல. இப்ப டீக்குச் சீனி வேணாங்குறாரு. சோத்தப் பாதியாக் கொறைச்சுட்டாரு. விடியுறதுக்குள்ள எந்திரிச்சுத் திருச்சி ரோட்டுல நடக்கப் போறாரு. மாத்திரைய நான் எடுத்துக் குடுக்கிறதுக்கு முன்னாடியே முழுங்குறாரு. கேட்டா, 'அவ எறும்பப் பாக்குறா, நான் இங்கிட்டு பஸ்ஸையே பாக்க முடியாம ஒக்காந்துருக்கேன்'ங்குறாரு. நேத்து சுகர் பாத்தோம். பாதியா எறங்கிருச்சு. நீங்க நல்லா இருக்கணும் மதினி."

போனை வைத்துவிட்டு உண்ணாமலை ரொம்ப நேரம் பருப்பைத் தொடவில்லை. அவனை வேக வைக்க வேண்டும் என்றுதான் அத்தனையும் சொன்னாள். அது போய் அவனுக்கே மருந்தாகிவிட்டது. என் வயிற்றெரிச்சலில்கூட அவனுக்குத்தானா பங்கு கூட என்று முதலில் ஆத்திரமாக வந்தது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆனால் படுத்த பிறகு வேறொன்று மனதில் ஓடியது. சேவுகன் தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். தன்னைப் பார்த்து! இந்த உலகத்தில் ஒருத்தர் தன்னைப் பார்த்து ஏங்குவார் என்று அவள் நினைத்ததே கிடையாது. அந்த நினைப்பை வாயில் போட்ட வெல்லக் கட்டி போலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். இனித்தது. இனிக்க இனிக்க, அடியில் கொஞ்சம் உறுத்தவும் செய்தது. பிறர் சாப்பிடும்போது எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாததா? அந்த இடத்தில் இப்போது அவன் உட்கார்ந்திருக்கிறான். அப்படியே இன்னும் கொஞ்ச நாள் உட்காரட்டும் என்றுதான் தோன்றியது. எழுந்து வா என்று சொல்ல மனசு வரவில்லை.

மறுநாள் சேவுகன் பேசினான். மருந்து, தலைக்குத் தண்ணீர் எல்லாம் கேட்டுவிட்டு, "இன்னைக்கு என்ன தெரிஞ்சுச்சு?" என்றான்.

நுனி நாக்குவரை வந்ததை உண்ணாமலை விழுங்கினாள். "கிட்டத்துல ஒண்ணும் சரியாத் தெரியலடா" என்றாள். "கண்ணாடி குடுத்துருக்காங்க. அதப் போட்டுத்தான் பருப்பு பாக்குறேன்."

"அப்படியா?" என்றான் சேவுகன். குரலில் சந்தோஷத்தை மறைக்க அவன் பட்ட பாடு போனிலேயே கேட்டது. "சொல்லவே இல்லையே நீ?"

"இப்பச் சொல்றேன்ல."

ஏன் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. சொன்ன பிறகு ஒன்றும் குறைந்துபோனதாகவும் தெரியவில்லை. அவன், "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ சொன்னது..." என்று ஆரம்பித்தான். பிறகு, "சரி விடு. இனிமே அதச் சொல்லிச் சிரிக்க மாட்டேன்" என்றான். "எனக்கு வேடிக்கையாத்தான் பட்டுச்சு ஏத்தா. ஒனக்கு எப்படி இருக்கும்னு தோணல. தோணியிருக்கணும்."

உண்ணாமலை, "சரி, மாத்திரையப் போடு" என்று போனை வைத்துவிட்டாள்.

சுகர் இறங்கியதும் சேவுகனுக்கும் ஆபரேஷன் நடந்தது. நீ வந்தால்தான் போவேன் என்று அவன் அடம்பிடித்ததால் உண்ணாமலையும் போனாள். அர்ச்சனா இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்துப் பார்த்தாள். "நான் அளவெல்லாம் சேத்து முடிக்கிற நேரத்துல நல்ல வேளையா நீங்க ரெண்டு பேரும் வந்தீங்க" என்றாள். இதைச் சொன்னபோது ஏனோ உண்ணாமலையின் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். உண்ணாமலை தம்பி பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

கட்டுப் பிரித்த அன்று மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பிரகதீஸ்வரி தண்ணீர் பாட்டில் வாங்க ஒரு கடைப் பக்கம் ஒதுங்கினாள். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சேவுகன் நடு ஸ்டாண்டில் இடுப்பில் கையை வைத்து நின்றான். தன்னுடைய பழைய ராஜ்யத்தைச் சுற்றிப் பார்க்கிறவன் மாதிரி இருந்தது.

"ஏத்தா, அங்கிட்டுப் பாரு. ஒன் வண்டி வருது. தஞ்சாவூர்."

உண்ணாமலை பார்த்தாள். வளைவில் ஏதோ ஒரு பஸ் திரும்பியது. பெரிசாக ஒரு பச்சை தெரிந்தது. போர்டு தெரிந்தது. போர்டில் எழுத்து இருப்பதும் தெரிந்தது. என்ன எழுத்து என்று பிடிபடவில்லை. இவனுக்கு அத்தனை தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது. சுருக்கென்றது.

"எனக்கும் தெரியுது. நான் அப்பவே பாத்துட்டேன்" என்றாள்.

பஸ் வந்து நின்றது. கூட்டத்துக்குள் நுழைந்து, முழங்கையால் இரண்டு பேரை ஒதுக்கி, ஜன்னலோர சீட்டைப் பிடித்துவிட்டாள். சேவுகன் வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது பக்கம் வெயில் அடிக்கும், இடது பக்கம் மாறி உட்கார் என்று யோசனை சொன்னான். முப்பது வருஷம் வண்டியில் நின்றவனுக்கு அது தெரியும். அவன் சொல்வது சரிதான் என்று அவளுக்கும் தெரிந்தது.

அவள் மாறி உட்காரவில்லை. பஸ் கிளம்பும்போது, "அடுத்த கண்ணுக்கு என்னைக்கி வரச் சொன்னாங்கன்னு கேட்டு வையி. ஒனக்கு முன்னாடி எனக்குப் போடச் சொல்லு" என்று மட்டும் சத்தமாகச் சொன்னாள். சேவுகன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, பஸ்ஸின் உடம்பில் இரண்டு தட்டு தட்டினான். வண்டி நகர்ந்தது. வெயில் நேராக முகத்தில் அடித்தது. உண்ணாமலை முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு, ஸ்டாண்டு மறைகிற வரை அவனையே பார்த்துக்கொண்டு போனாள்.